மாமா கொடுத்த சிறுநீரகமும் கூடவே வந்த காய்ச்சலும்

என் செல்ல மகன் சரவணனுக்கு,

முந்தாநாள் நீ தொலைபேசியில் சொன்னதற்கு "யோசிக்கிறேன்பா" என்று சொல்லிவிட்டு வைத்தேன். யோசித்துவிட்டேன். முடியாது. பதிவு அலுவலகத்தில் பத்துப் பேரை வைத்துக் கையெழுத்துப் போட்டு, கோயிலில் ஒரு மாலையை மாற்றிக்கொண்டு, அப்படியே பினாங்குக்குப் பஸ் ஏறுகிற கல்யாணத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ பேசுகிற வேகத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடிவதில்லை. நான் ஒரு வார்த்தை தேடுவதற்குள் நீ மூன்று காரணம் சொல்லிவிடுகிறாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் நிதானமாக உட்கார்ந்து படி.

நீ பயப்படுவது ஏன் என்று எனக்குத் தெரியும். போன தீபாவளிக்கு எனக்கு விலாவைச் சுற்றி அக்கி கிளம்பி, பட்டாசுச் சத்தத்துக்கு நடுவில் நான் வலி தாங்காமல் முனகிக்கொண்டிருந்தபோது நீதான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாய். சின்ன வயதில் வந்துபோன நீர்க்கொப்புள அம்மைக் கிருமிதான் இத்தனை வருஷம் உடம்பிலேயே பதுங்கியிருந்து, நான் சாப்பிடுகிற மாத்திரையால் எதிர்ப்புக் குறைந்ததும் எழுந்துகொண்டது என்று டாக்டர் சொன்னதை நீயும் கேட்டாய். அன்றைக்கு உன் முகத்தில் விழுந்த பயம் இன்னும் போகவில்லை. "கூட்டத்துல யாருக்கு என்ன இருக்குன்னு யாருக்கும்மா தெரியும்?" என்கிறாய். உண்மைதான், யாருக்கும் தெரியாது. ஆனால் நான் உயிரோடு இருப்பதும் அப்படி ஒரு தெரியாத விஷயத்தோடு வந்ததுதான். அந்தக் கதையில் பாதி உனக்குத் தெரியும். மீதியை உனக்குச் சொல்ல இதுவரை சந்தர்ப்பம் வரவில்லை.

எனக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனபோது உனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். நாம் புந்தோங்கில் அந்தத் தகரக் கூரை வீட்டில் இருந்தோம். இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய அப்பா என்னைக் கோலாலம்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய் வருவார். வலியெல்லாம் மறந்துவிட்டது, தாகம் மட்டும் மறக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு சின்னக் குவளைத் தண்ணீர், அவ்வளவுதான். ஈப்போ வெயிலில், தகரத்துக்குக் கீழே! எதிர் வீட்டுக்காரர்கள் குழாயைத் திறந்தால் அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, தர்ப்பூசணி கூடவே கூடாது. நீ ஒருநாள் எனக்குத் தெரியாமல் கதவுக்குப் பின்னால் நின்று ஐஸ் கச்சாங் சாப்பிட்டாய். நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அம்மாவுக்குக் கிடையாதே என்று மறைந்து நின்று சாப்பிட்ட பிள்ளையை என்ன சொல்லித் திட்டுவது?

உடன்பிறந்தவர்கள் யாராவது ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தால் மாற்றி வைக்கலாம் என்று கோலாலம்பூர் டாக்டர் சொன்னார். எனக்கு உடன்பிறந்தவர் ஒரே ஒருவர்தான், உன் மாணிக்கம் மாமா. செமோரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், பழைய ஈயச் சுரங்கங்களிலிருந்து மணல் ஏற்றுகிற லாரி. அவரிடம் எப்படிக் கேட்பது என்று அப்பாவும் நானும் ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருந்தோம். அதற்குள் மாமா வீட்டுப் பாக்கியம் அத்தை காதுக்கு விஷயம் போய், மாமா லாரியை நம் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். "என்னாலா மச்சான், கிட்னி வேணுமாம்லா? கேக்க மாட்டீங்களா? ரெண்டு இருக்கு, ஒன்னு போதும்லா எனக்கு. லாரிக்கே ஸ்பேர் டயரு ஒன்னுதான்" என்று அப்பாவைப் பார்த்துச் சத்தம் போட்டார். அவ்வளவு பெரிய ஆள், ஒரு கையால் டயரைத் தூக்குகிறவர், ரத்தப் பரிசோதனைக்கு ஊசியைக் கண்டதும் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். அவரைத் தூக்கி நிறுத்த இரண்டு ஆண்கள் வரவேண்டியிருந்தது. கண் விழித்ததும் முதலில் கேட்டது, "எடுத்தாச்சா கிட்னிய?" என்றுதான். அதைச் சொல்லிச் சொல்லி நர்ஸ் மிஸிகள் ஒரு மாதம் சிரித்தார்கள். ஊசிக்கு அப்படிப் பயந்தவர் அதற்குப் பிறகு எத்தனை ஊசிக்குக் கையை நீட்டினார் என்பதை நீ நினைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மிஸியிடம் மலாயில் எதையாவது சத்தமாகப் பேசிக்கொண்டேதான் நீட்டினார்.

ஆபரேஷன் முடிந்து நான் விழித்தபோது படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு பை தொங்கியது. அதில் சிறுநீர் நிறைந்திருந்தது. சிரிக்காதே. அதைப் பார்த்து உன் அப்பா கண் கலங்கி நின்றார். அத்தனை மாதங்களாக உடம்பை விட்டு வெளியே வராதது தானாகவே வருகிறதே! கொஞ்ச நாளில் மிஸி ஒரு பெரிய கண்ணாடிக் குவளை நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, "குடிங்க அக்கா, எல்லாத்தையும் குடிங்க" என்றாள். மலாய்ப் பெண், வார்டில் இருந்த தமிழ்ப் பெண்களிடமிருந்து நாலு வார்த்தை கற்றுக்கொண்டு பேசுவாள். நான் முதலில் ஒரு வாய் குடித்துவிட்டு வழக்கம்போல நிறுத்திவிட்டேன். பிறகுதான் நிறுத்த வேண்டாம் என்பது மனசுக்குப் புரிந்தது. கழுத்து, மார்பெல்லாம் வழிய வழியக் குடித்தேன். பக்கத்து வார்டில் படுத்திருந்த மாமா ஆள் அனுப்பி விசாரிப்பார். என்னை அல்ல. "என் ஆளு எப்படி இருக்கான்? வேல செய்றானா?" என்று அவர் சிறுநீரகத்தை!

மாமா தையல் பிரித்து செமோருக்குப் போய்விட்டார். நானும் இன்னும் கொஞ்ச நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றிருந்த நேரத்தில்தான் காய்ச்சல் தொடங்கியது. முதலில் சாயங்காலத்தில் மட்டும் குளிர் எடுக்கும். பிறகு நாள் முழுக்க. எலும்புக்கு எலும்பு வலி. நாலடி நடந்து கழிவறைக்குப் போனால் மூச்சு வாங்கியது. சோற்றைப் பார்த்தால் குமட்டல். என்னைத் தனி அறைக்கு மாற்றி, உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு வந்தார்கள். உன் அப்பாவின் முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கண்ணைப் பார்த்தே நிலைமை சரியில்லை என்று புரிந்துகொண்டேன்.

ரத்தத்தை எங்கெங்கோ அனுப்பிச் சோதித்தபின் டாக்டர் வந்து கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சீனர், மெலிந்தவர், எங்களுக்குப் புரிய வேண்டும் என்று மலாயில் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொல்வார். அவர் என்னிடம் சொன்னது இதுதான்: இது ஒரு வைரஸ், ஊரில் பெரும்பாலானவர்களுக்குக் குழந்தையாக இருக்கும்போதே வந்து, சாதாரணச் சளி மாதிரி போய்விடும். போனாலும் முழுக்கப் போகாது, உடம்புக்குள் எங்கோ பேசாமல் கிடக்கும். உன் அண்ணன் உடம்பில் அது இருந்திருக்கிறது, உன் உடம்பு அதைப் பார்த்ததே இல்லை. சிறுநீரகத்தோடு சேர்ந்து வந்துவிட்டது. உன் உடம்பு அண்ணனின் சிறுநீரகத்தை விரட்டாமல் இருக்க மாத்திரை கொடுக்கிறோம் அல்லவா, அதே மாத்திரைதான் இந்தக் கிருமியை விரட்டவும் விடாமல் தடுக்கிறது. ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்குள் இது எப்படி என்று அப்பா கேட்டார். குழந்தைகள் ஒன்றாகக் கிடக்கும் இடத்தில் எச்சில் வழியாகத்தான் அதிகம் பரவும் என்று டாக்டர் சொன்னதும் எனக்குப் பிடிபட்டது. சிலிம் ரிவர் ரப்பர் தோட்டத்தில் எங்கள் அம்மா பால் வெட்டப் போகும்போது மாமாவை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். தோட்டத்துக் கைக்குழந்தைகள் எல்லாம் அங்கே ஒரே பாயில் கிடந்து ஒன்றின் விரலை இன்னொன்று சப்பும். நான் அங்கே விட்டால் நீலம் பாய்கிற அளவுக்கு அழுவேனாம். அதனால் என்னை முதுகில் கட்டிக்கொண்டே பால் வெட்டியிருக்கிறார். டாக்டர் சிரித்துவிட்டு, "அப்படியும் இருக்கலாம், வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம்" என்றார்.

அதன் பெயரை அவர் ஆங்கிலத்தில் மூன்று எழுத்தாகச் சொன்னார், சி.எம்.வி. என்று. செய்தி கேட்டு ஓடிவந்த மாமாவிடம் அப்பா அதைச் சொன்னார். "லாரி நம்பர் மாதிரி இருக்குலா மச்சான். சி-ன்னு ஆரம்பிச்சா பகாங் ஸ்டேட்டு வண்டி. பேராக் ஆளு ஒடம்புல பகாங் வண்டி எப்ப ஏறுச்சு?" என்றாராம். அன்றிலிருந்து நம் குடும்பத்தில் அந்தக் கிருமிக்குப் பகாங் வண்டி என்றே பெயர். இப்படிப் பேசிவிட்டு அவர் வெளியே போய் நடைபாதையில் உட்கார்ந்து அழுததை அப்பா பிற்பாடுதான் என்னிடம் சொன்னார். பழைய டயரைப் புதுசென்று விற்றுவிட்ட மாதிரி இருக்கிறது என்று சொல்லி அழுதாராம். டாக்டர் அந்த வழியாக வந்தவர், அவர் தோளைத் தொட்டு, "எனக்கும் இருக்கிறது, இந்த மிஸிக்கும் இருக்கும், நம்மில் யாருமே பழுதான சாமான் இல்லை" என்றாராம். அந்த நல்ல மனிதரை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

அந்தக் காலத்தில் அந்தக் கிருமிக்கென்று மருந்து கிடையாது. டாக்டர் கையில் இருந்தது ஒரே வழிதான். மாத்திரையைக் குறைத்தால் உடம்பு எழுந்து கிருமியோடு சண்டை போடும். ஆனால் அதே உடம்பு சிறுநீரகத்தையும் அடித்து விரட்டிவிடலாம். குறைக்காவிட்டால் கிருமி நுரையீரலில் இறங்கிவிடும், பிறகு எதுவும் செய்வதற்கில்லை. குறைத்துவிடலாம் என்றார் டாக்டர். நான் வேண்டாம் என்றேன். அப்பா கெஞ்சினார், நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஒருவர் தன் உடம்பைக் கிழித்து எடுத்துக் கொடுத்ததை இரண்டு மாதத்தில் குப்பையில் போடுவதா என்பது ஒன்றுதான் என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் இனி பாரம் தூக்கக்கூடாது, லாரி ஓட்டவே எத்தனை மாதம் ஆகுமோ, எல்லாம் வீணா? அந்தச் சிறுநீரகம் போய்விட்டால் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்தேன். உன்னைப் பற்றிக்கூட நினைக்கவில்லை. காய்ச்சல் அப்படித்தான் ஒரே இடத்தில் மனிதனைக் கட்டிப்போடும்.

மறுநாள் மாமா முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். காயம் இன்னும் முழுசாக ஆறவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"என்னாலா பாப்பா, மாத்திரைய கொறைக்க வேணாம்னு சொன்னியாம்?"

"அது ஒங்க கிட்னி அண்ணே. நீங்க குடுத்தத நான் பாழாக்க மாட்டேன்."

"குடுத்தப்புறம் என்னா என் கிட்னி? நான் அந்தக் கிட்னியக் காப்பாத்தவா வயித்த அறுத்துக்கிட்டேன்? ஒன்னக் காப்பாத்தத்தான்லா குடுத்தேன்."

"போயிடும்னு டாக்டரே சொல்றாரு அண்ணே."

"போனா போகட்டும்! மறுபடியும் மெசின்ல படு. மறுபடியும் ஒரு சொட்டுத் தண்ணி குடிச்சிக்கிட்டு இரு. என்கிட்ட எரிஞ்சி விழு, அண்ணியத் திட்டு, என்னா வேணாலும் செய். ஆனா இரு. புரியுதா? இரு." அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "அந்தப் பூச்சியும் நான் குடுத்ததுதானே பாப்பா. அது ஒன்னக் கொண்டு போச்சின்னா நான் எப்படிலா சோறு திம்பேன்?"

எங்கள் அண்ணன் கெஞ்சி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் தலையை ஆட்டினேன். அவர் உடனே கதவைத் திறந்து, "டாக்டர்! போலே, போலே! சரியாம்!" என்று அந்த வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார். மிஸி ஓடிவந்து அவரை வெளியே தள்ளினாள்.

மாத்திரையைக் குறைத்தார்கள். அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் வேலை. முதல் சில நாட்கள் எல்லாமே இறங்குமுகம். காய்ச்சல் விடவில்லை, பையில் விழுகிற சிறுநீரும் குறைந்தது. மாமா கொடுத்த சிறுநீரகத்தை வைத்திருந்த இடம், அடிவயிற்றில், தொட்டால் வலித்தது. சிறுநீரகம், உயிர் இரண்டும் போகப்போகிறது என்று நினைத்தேன். நினைத்தும், என்னவோ, பயம் வரவில்லை. இருக்கச் சொன்னார், இருக்கிறேன், அவ்வளவுதான் என்று கிடந்தேன். பிறகு ஒரு காலையில் விழித்தபோது தலையணை வியர்வையில் நனைந்திருந்தது, உடம்பு குளிர்ந்திருந்தது, எனக்குப் பயங்கரப் பசி. மிஸியிடம் நாசி லெமாக் வேண்டும் என்றேன், தேங்காய்ப்பால் சோற்றில் காரச் சம்பல் நிறையப் போட்டு. அவள் கடகடவென்று சிரித்தாள். சம்பல் தரவில்லை, கஞ்சிதான் கொடுத்தாள். ஆனாலும் அந்தக் கஞ்சியை நான் சாப்பிட்ட மாதிரி ராஜாக்கள்கூட விருந்து சாப்பிட்டிருக்க மாட்டார்கள். சிறுநீரகம் இன்னும் சில நாள் முறுக்கிக்கொண்டிருந்தது. அதற்கும் மாத்திரையைக் கூட்டிக் குறைத்து, குறைத்துக் கூட்டி டாக்டர் பக்குவம் பார்த்தார். கடைசியில் ஒரு விடியற்காலையில் மிஸி பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பாஞாக், அக்கா! பாஞாக்!" என்று குதித்தாள். நிறைய, நிறைய என்று அர்த்தம். என் வாழ்க்கையில் யாரும் எனக்கு அதைவிட நல்ல செய்தி சொன்னதில்லை, நீ பிறந்தபோது பையன் என்று சொன்னதைத் தவிர.

இதற்குப் பிறகு நடந்தது உனக்கு நினைவிருக்கும். உன் பக்கத்திலிருந்து மட்டும்தான் நினைவிருக்கும், நான் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். சிறுபிள்ளைகளை வார்டுக்குள் விட மாட்டார்கள். உன்னைப் பார்த்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே பெரிய ஹார்ன் சத்தம். முதல் மாடி ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தால் ஆஸ்பத்திரி வாசலில் மணல் லாரி! மாமாவின் கூட்டாளி ஓட்டி வந்திருக்கிறார், மாமா பக்கத்து சீட்டில், நீ லாரியின் முன்தலைக்கு மேலே பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு நிற்கிறாய். உன்னை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லாமல், குனிந்து பார்க்க வேண்டியதில்லாமல், என் கண்ணுக்கு நேராக. மாத்திரையால் என் முகம் ஊதிப்போயிருந்தது. நீ ஒரு நிமிஷம் என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தாய். பிறகு கைகளை வாய்க்கருகில் குவித்து, "அம்மா! மூஞ்சி பாவ் மாதிரி இருக்கு!" என்று கத்தினாய். ஆவியில் ஊதுகிற அந்தச் சீன ரொட்டியின் பெயர் ஆயிற்றே, வார்டில் இருந்த சீனக் கிழவிக்குக்கூட அந்த ஒரு வார்த்தை புரிந்துவிட்டது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றுத் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன். காவல்காரர் ஓடிவந்து விசில் ஊத, மாமா இறங்கி அவரிடம் தன் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டி ஏதோ பேச, அந்த மனிதர் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு லாரியின் மேல் நிற்கிற உனக்குக் கை கொடுத்துப் பத்திரமாக இறக்கினாரே, ஞாபகம் இருக்கிறதா?

தம்பி, இப்போது நீ ஆயர் தாவார் பெண்ணைக் கல்யாணம் செய்யப் போகிறாய். தேவி நல்ல பெண். ஆனால் அவளுக்கு ஏழு அத்தைமார், எண்ண முடியாத சித்தப்பாமார், எந்நேரமும் இருமுகிற ஒரு தாத்தா. அவள் தனியாக வர மாட்டாள். எந்த மனுஷியும் கழுவித் துடைத்துத் தனியாக வருவதில்லை, எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டுதான் வருவாள். நீயும் அப்படித்தான் அவளிடம் போகிறாய், என்னையும் என் மாத்திரை டப்பாவையும் சேர்த்து. அவள் தருவதை வாங்கிக்கொள். கூட வருவதைச் சமாளித்துக்கொள். அவள் உனக்காக எதையாவது விட்டுக்கொடுத்தால் அதைக் கடன் மாதிரி தூக்கிக்கொண்டு திரியாதே. நான் திரிந்து பார்த்திருக்கிறேன், அது கொடுத்தவரைத்தான் அதிகம் நோகடிக்கிறது. உடம்பு சரியில்லை என்றால் அவளிடம் மறைக்காதே. அவள் முடியாது என்று படுத்துக்கொண்டால் அடம் என்று நினைக்காதே, பக்கத்தில் போய் நின்று சத்தமாகப் பேசு.

என்னைப் பற்றி நீ கவலைப்படாமல் இருக்க மாட்டாய் என்பதால் நேற்று ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடமே கேட்டுவிட்டேன். அறுநூறு பேர் வருகிற கல்யாணத்துக்கு நான் போகலாமா என்று. உடம்பில் கொப்புளம் போட்ட பிள்ளைகளை மடியில் வைக்காதே, காய்ச்சல்காரர்களுக்குப் பக்கத்தில் உட்காராதே, காற்று வருகிற பக்கமாக உட்கார், மற்றபடி நன்றாகப் போய்விட்டு வா என்றார். கல்யாணத்தில் பிரியாணியா, சைவமா என்றும் கேட்டார், அவரையும் கூப்பிட்டுவிட்டேன். பாக்கியம் அத்தை மண்டப வாசலில் சந்தனக் கும்பாவோடு நிற்கப் போகிறாராம். வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் "கையக் காட்டு, சட்டையத் தூக்கு, இருமு பாப்போம்" என்று சோதித்துத்தான் உள்ளே விடுவாராம். என் கையில் மாத்திரையால் வந்த மருக்கள் இருக்கின்றனவே, படம் எடுக்கும்போது மறைத்துக்கொள்ளட்டுமா என்று தேவியிடம் கேட்டேன். "அந்தக் கையாலதான் அத்தை எனக்குப் பூ வைக்கணும்" என்றாள்.

தேவி வீட்டார் சரி என்றுவிட்டார்கள். டாக்டர் சரி என்றுவிட்டார். உன் மாமா இன்று காலையிலேயே போய் மண்டபத்தைப் பேசி முடித்துவிட்டு, நாதஸ்வரக்காரருக்கும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மாப்பிள்ளை ஒருவர்தான் இன்னும் சம்மதிக்கவில்லை. சீக்கிரம் யோசித்துச் சொல்.

உன் அம்மா